'நன்கு பராமரிக்கப்பட்ட': ஒரு செயப்பாட்டு வினையை முன்வைத்துச் சில குறிப்புகள்

பழைய கார்களை விற்கிறவர்கள், வாங்குகிறவர்கள், வாங்க முடியாமல் படம் மட்டும் பார்க்கிறவர்கள் ஆகியோரிடையே புழங்கும் விளம்பர மொழியில் வாடிக்கையான ஒரு சொற்கோவை உண்டு. நன்கு பராமரிக்கப்பட்ட, கிளாஸிக், டர்போ, கன்வெர்ட்டிபிள், ஸ்போர்ட்ஸ் கார். ஒரே பெயர்ச்சொல்லின் தலையில் ஐந்து அடைமொழிகள். மயிலாப்பூரிலும் ஆழ்வார்பேட்டையிலும் அடையாற்றின் படகுத்துறைத் தெருக்களிலும் உயர்ந்த மதில்களுக்குப் பின்னால் துணி போர்த்தி நிற்கிற சில வண்டிகளுக்கு இந்த ஐந்தில் மூன்றாவது பொருந்தும். இதில் விமர்சகனுக்கு என்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். சினிமா போஸ்டரையும் அரசியல்வாதியின் கட்-அவுட்டையும் பிரதியாக வாசிக்கத் தொடங்கிவிட்ட நாம், இந்த நகரத்து மேட்டுக்குடி தன்னைத்தானே எப்படி வாசித்துக்கொள்கிறது என்பதை இதுவரை அவ்வளவாகத் தொடவில்லை. அது ஒரு குறை. அதோடு, எனக்குத் தெரிந்த சொற்பக் கருவி இலக்கணம். இந்தச் சொற்கோவையில் இலக்கணத்துக்கு வேலை இருக்கிறது.

கிளாஸிக், டர்போ, கன்வெர்ட்டிபிள், ஸ்போர்ட்ஸ் என்ற நான்கும் வண்டியின் குணங்களாகச் சொல்லப்படுபவை. முதலாவது அப்படிப்பட்டதல்ல. 'பராமரிக்கப்பட்ட' என்பது வினை. வினை என்றால் வினைமுதல் வேண்டும். யார் பராமரித்தார்? செயப்பாட்டு வினையின் சௌகரியமே இந்தக் கேள்வியை எழவிடாமல் செய்வதுதான். பேச்சுத் தமிழில் இது அவ்வளவு சுலபமாக நடக்காது. 'வண்டிய நல்லா பாத்துக்கிட்டாங்க' என்று சொன்னால் 'யாரு?' என்று உடனே கேட்பார்கள். 'பாத்துக்கிட்டாங்க' என்பதில் ஆள் இருக்கிறார், பன்மை இருக்கிறது, மரியாதை இருக்கிறது. எழுத்து மொழிக்கு வந்து 'படு' சேர்ந்ததும் ஆள் காணாமல் போகிறார். அரசாங்கச் சுற்றறிக்கையும் போலீஸ் அறிக்கையும் இந்த 'படு'வை விரும்புவது ஏன் என்று நமக்குத் தெரியும். 'தடியடி நடத்தப்பட்டது' என்ற வாக்கியத்தில் தடி இருக்கிறது, அடி இருக்கிறது, கை இல்லை.

தமிழ் இலக்கணம் இந்த இடத்தில் கொஞ்சம் உஷாராகவே இருந்திருக்கிறது. மூன்றாம் வேற்றுமைக்குரிய கருத்தாவை அது இரண்டாகப் பிரித்தது. ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா. கரிகாலனால் கல்லணை கட்டப்பட்டது என்றால் கரிகாலன் ஏவுதற் கருத்தா. அவன் கல் சுமக்கவில்லை. தச்சனால் தேர் செய்யப்பட்டது என்றால் தச்சன் இயற்றுதற் கருத்தா. எல்லோரும் பள்ளிக்கூடத்தில் ஒரு மதிப்பெண் கேள்விக்காகப் படித்து மறந்த பாகுபாடு இது. ஏவுகிறவனும் செய்கிறவனும் ஒரே உருபைப் பகிர்ந்துகொண்டாலும் ஒருவரல்ல என்று கண்டு, இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைக்க வேண்டும் என்று நினைத்தார்களே, அது சின்ன விஷயமல்ல. ஏவியவனையே செய்தவனாகச் சொல்லும் மொழிவழக்கை இலக்கணம் தடுக்கவில்லை. ஆனால் நடப்பது என்ன என்று குறித்து வைத்தது. விளம்பரத் தொடர் இந்த இரண்டு கருத்தாக்களையும் சேர்த்தே கழற்றிவிட்டு, அடுத்த வரியில் 'ஒரே உடைமையாளர்' என்று ஒருவரை மட்டும் உள்ளே அழைத்து வருகிறது. ஏவுதற் கருத்தா பக்கவாட்டுக் கதவு வழியே திரும்பி வந்துவிடுகிறார். இயற்றுதற் கருத்தா வெளியிலேயே நிற்கிறார்.

'ஸ்போர்ட்ஸ்' என்ற அடைமொழிக்கு இதில் முக்கியமான பங்கு இருக்கிறது. வேகம் என்று நினைக்கிறோம். என் வாசிப்பில் அது இருக்கைகளின் எண்ணிக்கை. ஸ்போர்ட்ஸ் கார் அடிப்படையில் இருவர் உட்காரும் வண்டி. பின்சீட்டு இல்லை, இருந்தாலும் பேருக்கு. பின்சீட்டு இல்லையென்றால் டிரைவர் இல்லை. அம்பாஸடர் நாற்பது வருஷம் நமது அதிகாரத்தின் வாகனமாக இருந்ததற்கு அதன் உறுதி மட்டும் காரணமல்ல. முன்னால் ஒருவர் ஓட்ட, பின்னால் ஒருவர் சாய்ந்து பேப்பர் படிப்பதற்கான இட ஒழுங்கு அதில் இருந்தது. அந்த வண்டியில் ஏறுகிற யாரும் ஒரு படிநிலைக்குள் ஏறினார்கள். தி.நகர் ஆற்காடு தெருவில் எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்தில் அவருடைய 4777 எண் அம்பாஸடர் வைக்கப்பட்டிருக்கிறது. வருகிறவர்கள் குனிந்து கண்ணாடி வழியே அவர் எங்கே உட்கார்ந்திருப்பார் என்று தேடுகிறார்கள். குழந்தைக்குக் காட்டுகிறார்கள். சிலர் கும்பிடுகிறார்கள். ஸ்டியரிங் யார் கையில் இருந்தது என்று நான் நின்றிருந்த நேரத்தில் ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் ஸ்டியரிங்குக்கு முன்னால் ஓர் இருக்கை இருக்கிறது. கேள்விக்கான இடம் காலியாகவாவது இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் காரில் அந்த இடத்தில் முதலாளியே உட்கார்ந்துவிடுகிறார். பார்ப்பதற்கு ஜனநாயகம் மாதிரி இருக்கிறது. தன் வண்டியைத் தானே ஓட்டுகிறார். உழைப்பு ஒழிந்துபோகவில்லை, கண்ணுக்குத் தெரியாத ஷெட்டுக்கு மாறியிருக்கிறது.

இது புதிய தந்திரமல்ல. அகநானூற்றின் நான்காம் பாடலில் குறுங்குடி மருதனார் காட்டும் தலைவன், பூவில் தேனுண்ணும் வண்டுகள் மிரண்டுவிடக் கூடாது என்று தேர்மணியின் நாவைக் கட்டி ஒலியை அடக்கி வருகிறான். தோழி தலைவிக்கு அதைச் சொல்கிறாள். நமது பேராசிரியர்கள் இதை உயிரிரக்கத்தின் உச்சம் என்று நாற்பது வருஷமாக மேடையில் சொல்லி வருகிறார்கள். இரக்கம் இருக்கட்டும். இறங்கிப் போய் ஒவ்வொரு மணியாகக் கட்டியது யார்? பாட்டில் பாகனே இல்லை. ஏவியவன் செய்தவனாகிவிட்டான். இதற்கு மாறாக நற்றிணையின் பதினோராம் பாடலைப் படித்துப் பாருங்கள். உலோச்சனார் பாட்டு. கடற்கரை மணலில் ஓடும் நண்டுகள் சக்கரத்தில் சிக்கி அறுபடாமல் கடிவாளத்தைப் பார்த்துப் பிடித்து ஓட்டுகிறவன் வலவன் என்றே சொல்லப்படுகிறான். கவனம் யாருடைய கையில் இருந்ததோ அந்தக் கைக்கே போய்ச் சேர்கிறது. வலவன் பேசுவதில்லை, அது வேறு விஷயம். முல்லைப் பாட்டுகளில் தலைவன் பாகனிடம் விரைந்து ஓட்டு, விரைந்து ஓட்டு என்று சொல்லிக்கொண்டே வருவான். பாகன் கேட்டுக்கொண்டிருப்பான். இருந்தாலும் தேருக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பதை அந்தக் கவிதை மறைக்கவில்லை.

இதற்கும் மேலே போகிற ஒரு பாட்டு உண்டு. புறநானூறு 87. அதியமான் நெடுமான் அஞ்சியைப் பற்றி ஔவையார் பாடியது, ஐந்தடிகூட இல்லாத சின்னப் பாட்டு. பகைவரைப் பார்த்து, போர்க்களத்துக்குள் வராதீர்கள், எங்களிடம் ஒரு வீரன் இருக்கிறான் என்கிறாள். அவன் எப்படிப்பட்டவன்? யானை போல, புலி போல என்று சொல்லவில்லை. ஒரே நாளில் எட்டுத் தேர் செய்யக்கூடிய தச்சன் ஒரு மாசம் முழுக்க உட்கார்ந்து செய்த ஒற்றைச் சக்கரம் போன்றவன் என்கிறாள். உழைப்பின் நேரத்தை வைத்து மதிப்பை அளக்கிற இந்தக் கணக்கை மார்க்ஸுக்காகக் காத்திராமல் ஒரு பாணர் மரபுக் கவி போட்டிருக்கிறாள். இரண்டு எண்களை மனசுக்குள் பெருக்கிப் பார்த்தால்தான் உவமை வேலை செய்யும். மாசத்துக்கு முப்பது நாள் என்றால் இருநூற்று நாற்பது தேர்களுக்கான உழைப்பு ஒரு சக்கரத்தில். மன்னனின் புகழ் தச்சனின் நேரத்தால் எழுதப்படுகிறது. தச்சனுக்குப் பேர் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வினைமுதலாக இருக்கிறான். ஈராயிரம் வருஷம் கழித்து 'நன்கு' என்று எழுதுகிறவர்களிடம் இந்தக் கணக்கு இல்லை. எவ்வளவு 'நன்கு'? யாருடைய எத்தனை மாசம்?

ரோலான் பார்த் 1957இல் வெளிவந்த தன் 'புராணங்கள்' தொகுப்பில் சித்ரோயன் டி.எஸ். காரைப் பற்றி எழுதியது பலருக்கும் ஞாபகம் இருக்கும். இன்றைய கார்கள் அன்றைய கோதிக் தேவாலயங்களுக்கு நிகரானவை, பெயர் தெரியாத கலைஞர்களின் படைப்பு என்கிறார். அழகான வாக்கியம். தமிழ்நாட்டில் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. தேவாலயத்துக்குப் போக வேண்டாம், தேரே இருக்கிறது. வெள்ளைக்காரன் தேரை 'கார்' என்றுதான் எழுதினான். 'கார் ஸ்ட்ரீட்' என்ற பழைய பெயர்ப் பலகைகளுக்கும் மோட்டாருக்கும் சம்பந்தமில்லை. நமது கோயில் தேரில் பெயர் தெரியாமை என்பது கலைஞனின் அடக்கம் சம்பந்தப்பட்ட விஷயமல்ல, சாதி சம்பந்தப்பட்ட விஷயம். கண்டதேவியில் தலித் மக்கள் வடம் பிடிக்கும் உரிமை கேட்டு 1998இல் எழுந்த பிரச்சினை, தேர் பல வருஷம் நின்றே கிடந்து, 2024 ஜூனில் நீதிமன்ற உத்தரவோடும் பெரும் போலீஸ் காவலோடும் மறுபடி ஓடியது வரை நீண்டது. நகர வேண்டிய வண்டியை நிறுத்தி வைத்தாவது காப்பாற்ற வேண்டிய ஏதோ ஒன்று இருந்திருக்கிறது. அது மரமல்ல.

தமிழ்ப் பற்றாளர்கள் காருக்கு 'மகிழுந்து' என்று பெயர் வைத்தார்கள். பேருந்து பெரியது, மகிழுந்து மகிழ்வதற்கு. பெயர் வைத்தவர்கள் ஓட்டுகிற ஆளை நினைத்திருக்க வாய்ப்பில்லை.

இனி ஒரு வண்டி. தி.நகரில் உஸ்மான் ரோட்டுக் கூட்டத்திலிருந்து இரண்டு சந்து தள்ளி, ஒரு கல்யாண மண்டபத்தின் பின்சுவரை ஒட்டிய ஷெட்டில் கூரையில்லாத ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் பார்த்தேன். ஹெரால்டு நம்ம ஊர் வண்டி. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948இல் தொடங்கப்பட்டது. ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டலூருக்குப் பக்கத்தில் ஆலை. 1961இல் ஹெரால்டு வந்தது. 948 சி.சி. எஞ்சின், முதலில் இரண்டு கதவு, பிற்பாடு இந்தியாவுக்கென்றே நான்கு கதவு. இங்கிலாந்தில் இதன் பெயர் டிரையம்ஃப் ஹெரால்டு. கடல் தாண்டி வரும்போது 'டிரையம்ஃப்' உதிர்ந்துபோய் 'ஸ்டாண்டர்டு' ஆனது. அதே காலத்தில், 1959இல், மெரினாவில் உழைப்பாளர் சிலை திறக்கப்பட்டது. ராய் சௌத்ரி செய்த அந்தச் சிலைக்கு ஆங்கிலத்தில் 'உழைப்பின் டிரையம்ஃப்' என்று பெயர். காரில் உதிர்ந்த வெற்றி சிலையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஆலை 1988இல் உற்பத்தியை நிறுத்தியது. அந்த இடத்தில் இன்று கம்ப்யூட்டர் கம்பெனிகளின் வளாகமும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன.

ஹெரால்டை இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வரைந்தார். 1950களின் இறுதியில் மற்ற கார்கள் சேஸிஸும் பாடியும் ஒன்றாகப் பற்றவைத்த ஒரே கூடாக மாறிக்கொண்டிருந்தபோது, ஹெரால்டு மட்டும் பழைய மாதிரி தனிச் சேஸிஸ் மேல் துண்டு துண்டாக போல்ட் போட்டுப் பூட்டிய பாடியோடு வந்தது. முழு பாடி செய்து தர ஆலை கிடைக்கவில்லை, பல இடங்களில் சிறு துண்டுகளாகச் செய்து சேர்க்க வேண்டியிருந்தது என்பதுதான் காரணம். இந்த நிர்ப்பந்தத்தால் இரண்டு வசதிகள் வந்தன. பெரிய அச்சு இயந்திரங்கள் இல்லாத நாடுகளிலும் பூட்டலாம் என்பது ஒன்று. போல்ட்டைக் கழற்றினால் கூரை தனியாக வந்துவிடும் என்பது இன்னொன்று. இரண்டாவதை ஷெட்காரர்கள் யாருடைய அனுமதியும் கேட்காமல் கண்டுகொண்டார்கள். தி.நகர் ஷெட்டில் இருந்ததும் அப்படித் திறந்ததுதான்.

ஷெட்டுக்காரருக்கு ஐம்பத்தைந்து வயசு இருக்கும். அவருடைய அப்பா வண்டலூர் ஆலையில் வேலை பார்த்தவர். 'ஸ்பேனர் நம்பர்தான் சார் நான் படிச்ச ஒண்ணாங்கிளாஸ்' என்றார். வண்டியைச் சுற்றி மூன்று பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் டிங்கரிங். கதவின் அடிவிளிம்பில் உப்புக்காற்று தின்ற தகரத்தை வெட்டி எடுத்துவிட்டு அதே வளைவில் புதுத் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். அச்சு எதுவும் இல்லை, கையும் கண்ணும்தான். இன்னொருவர் பட்டி பார்த்துத் தேய்க்கிற பையன். மூன்றாமவர் குஷன் வேலை செய்கிறவர், மடக்குக் கூரைக்கான கேன்வாஸை அளந்துகொண்டிருந்தார். வண்டியின் சொந்தக்காரர் மயிலாப்பூர்ப் பக்கம். 'அவரு ரொம்ப நல்லா வச்சிருக்காரு சார் வண்டிய' என்று இவரே சொன்னார். கையில் கிரீஸ், காலடியில் வண்டியின் பாதி. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏவுதற் கருத்தா தொழிலாளியின் வாய் வழியாகவும் பேசுவார் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் கோட்பாட்டுப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை.

'கதவுக் கண்ணாடி ஏத்தற ஹேண்டில் எங்க அண்ணே கிடைக்குது?' என்றேன்.

'வேற எங்க? புதுப்பேட்டைதான்.'

கூவத்தின் கரையில், எழும்பூருக்கும் மவுண்ட் ரோட்டுக்கும் நடுவில் இருக்கிற புதுப்பேட்டையை செல்வராகவன் படம் வந்ததற்குப் பிறகு பலரும் ரவுடிகளின் ஊராகத்தான் அறிவார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் அது ஒரு நூலகம். செத்த வண்டிகளை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, கதவு ஒரு கடை, கியர்பாக்ஸ் ஒரு கடை, ஸ்டியரிங் ஒரு கடை, ஸ்பிரிங் ஒரு கடை என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். அட்டவணை கிடையாது, எல்லாம் ஆட்களின் மண்டைக்குள். ஒரு கார் நிறுத்தப்பட்டு நாற்பது வருஷம் ஆன பிறகும் அதன் உதிரிப் பாகம் எந்த மாடலோடது, எதை எதில் தேய்த்துப் பொருத்தலாம் என்று அவர்கள் சொல்கிறார்கள். ஒரு கார் 'நன்கு பராமரிக்கப்பட்ட' நிலையில் இருக்க வேண்டுமென்றால் அதே ரகத்தில் வேறு பல கார்கள் நன்கு பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். இந்த எண்ணெய்ச் சேற்றில் நின்று பிரிக்கிற வேலையைச் செய்கிறவர்கள் யார், எந்தச் சாதி, எந்த மதம் என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பாரம்பரியம் என்று ஒரு பக்கமும் கழிவு என்று இன்னொரு பக்கமும் பேசுகிற சொல்லாடல், இரண்டும் ஒரே தெருவில் கொடுக்கல் வாங்கல் வைத்திருப்பதைக் கண்டுகொள்வதில்லை.

'டர்போ' என்ற சொல்லும் இதே கதைதான். எஞ்சின் வெளியே தள்ளுகிற புகையை வீணாக்காமல் அதைக்கொண்டே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றி, அதோடு இணைந்த இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிப்பது. சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பூக்கி 1905இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். கழிவிலிருந்து சக்தி. நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற அந்தச் சக்கரத்தின் தண்டு எண்ணெய்ப் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. ஓடி வந்த சூட்டோடு எஞ்சினை அணைத்தால் எண்ணெய் அங்கேயே கருகிப் படியும். அதனால் வண்டி நின்ற பிறகும் ஒன்றிரண்டு நிமிஷம் எஞ்சினைச் சும்மா ஓடவிட வேண்டும். பழைய டர்போவைக் காப்பாற்றும் ரகசியம் இவ்வளவுதான், பொறுமை. இந்தப் பொறுமையை விலையுயர்ந்த கார் வைத்திருப்பவருக்கு முன்பே கற்றவர்கள் லாரி டிரைவர்கள். சென்னையில் டர்போ என்பது முதன்மையாக லாரிச் சொல். கோட்டூர்புரத்து அடுக்குமாடிக்குத் தண்ணீர் கொண்டு வருகிற லாரியின் எஞ்சினில் அது இருக்கிறது. 1982இல் தொடங்கப்பட்ட டர்போ எனர்ஜி கம்பெனி பழைய மகாபலிபுரம் சாலையில் பையனூரில் இதை உற்பத்தி செய்கிறது. போர்ஷேயின் பின்பக்கத்தில் எழுதினால் அது காமம், லாரி எஞ்சினில் இருந்தால் சாமான்.

'கன்வெர்ட்டிபிள்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஊர் வெயிலில் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை யாரும் கூரையைத் திறப்பதில்லை. திறந்த கார் காற்றுக்காக அல்ல, பார்க்கப்படுவதற்காக. 1960களின் வண்ணப் படங்கள் அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டன. முகத்தை மறைக்காத வண்டி கேமராவுக்குத் தேவைப்பட்டது. வடபழனியில் 2023 மே மாதம் திறக்கப்பட்ட ஏவி.எம். அருங்காட்சியகத்தில் பழைய கேமராக்களும் பழைய கார்களும் ஒரே வளாகத்தில் நிற்பது இந்த விதத்தில் பொருத்தம்தான். ஆனால் அடையாறு பாலத்தில் காலை ஏழு மணிக்கு நின்று பாருங்கள். கான்கிரீட் போடப் போகிற ஆட்களை, ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களை, நிற்க வைத்து அள்ளிக்கொண்டு லாரி போகும். டர்போ டீசல் எஞ்சின், மேலே கூரை இல்லை. ஐந்து அடைமொழிகளில் இரண்டு அதற்குக் கச்சிதமாகப் பொருந்துகின்றன. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

எஞ்சியிருப்பது 'கிளாஸிக்'. ஒரு பொருள் எப்போது பழசாகிறது, எப்போது பாரம்பரியமாகிறது? இலக்கியத்தில் இந்தக் கேள்விக்கு நாம் வருஷக்கணக்காக அடித்துக்கொண்டிருக்கிறோம். காரில் அரசாங்கம் எண்ணில் பதில் சொல்லிவிட்டது. சொந்தக் காரின் பதிவு 15 வருஷத்தோடு முடிகிறது. அதற்குப் பிறகு சோதனைக்குக் காட்டி ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5000 ரூபாயாக்கினார்கள். காற்று மாசு, பழைய வண்டியை ஒழித்தல் என்று காரணம் சொல்லப்பட்டது. அதற்கு முந்தைய வருஷம், 2021 ஜூலையில், மத்திய மோட்டார் வாகன விதிகளில் இன்னொரு திருத்தம். முதல் பதிவிலிருந்து 50 வருஷத்துக்கு மேலான வண்டி 'விண்டேஜ்'. அதற்குத் தனி எண் வரிசை, 20,000 ரூபாய் கட்டணம், பத்து வருஷம் செல்லும், புதுப்பிக்க 5000. காற்று அங்கே மாசுபடுவதில்லை போலும். 15 வயசில் குற்றவாளியாகி 50 வயசில் தியாகியாகிற இந்த வாழ்க்கை வரலாற்றில், நடுவில் 35 வருஷம் இருக்கிறது. அந்த 35 வருஷம் ஒரு வண்டியை ஓட்டிப் பிழைக்காமல் சும்மா நிறுத்தி வைக்க மதில் வேண்டும், நிழல் வேண்டும், இன்னொரு வண்டி வேண்டும். 'கிளாஸிக்' என்பது காலத்தின் அளவு என்று நமக்குச் சொல்லப்படுகிறது. உண்மையில் அது இடத்தின் அளவு, சதுர அடிக் கணக்கு.

வேடிக்கை என்னவென்றால் டர்போ வைத்த திறந்த ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு இந்த மகுடமும் எளிதில் கிடைக்காது. 1962இல் அமெரிக்காவில் வந்த ஷெவர்லே கோர்வேர் மோன்ஸா ஸ்பைடர் போன்ற ஒன்றிரண்டைத் தவிர, பேர் பெற்றவை எல்லாம் 1980களின் சரக்கு. சாப் 900 டர்போவின் திறந்த மாடல் 1986, போர்ஷே 911 டர்போவுடையது 1987. இவற்றுக்கு 50 ஆக இன்னும் சுமார் பத்து வருஷம் இருக்கிறது. கவலைப்பட வேண்டாம், அவற்றின் உடைமையாளர்களால் காத்திருக்க முடியும்.

2021 விதியில் இன்னும் ஒரு நிபந்தனை. வண்டி மூல வடிவத்தில் 'பராமரிக்கப்பட்டிருக்க' வேண்டும், சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றை மாற்றும் பெரிய வேலை எதுவும் செய்திருக்கக் கூடாது. மறுபடியும் அதே 'படு'. ஷெட்டின் உழைப்பு அடையாளமே இல்லாமல் இருந்தால்தான் அது பாரம்பரியம். தெரிகிற மாதிரி கை பட்டுவிட்டால், கூரையைக் கழற்றிவிட்டால், சிக்கல். சுவடியைப் பெயர்த்தெழுதியவன் இடையில் தன் வரியைச் செருகிவிட்டான் என்று பதிப்பாசிரியர்கள் 'இடைச்செருகல்' என்று ஒதுக்குவார்களே, அந்த மாதிரி. நம் பதிப்பு வரலாற்றில் மூலபாடம் என்ற கருத்து என்னென்ன குரல்களை வெளியே தள்ளியது என்பதை அறிந்தவர்களுக்கு இந்த விதியின் மொழி பழகியதாகவே இருக்கும்.

பராமரிப்பு என்ற சொல்லை இந்த நகரம் யாருக்கு ஒதுக்கியிருக்கிறது என்பதற்கு மழை ஒரு நல்ல சாட்சி. 2015 டிசம்பரில் அடையாறு கோட்டூர்புரத்துக்குள்ளும் சைதாப்பேட்டைக்குள்ளும் வந்தபோது கார்களும் மூழ்கின, குடிசைகளும் மூழ்கின. பிற்பாடு ஆற்றங்கரைக் குடியிருப்புகளைப் பெயர்த்து, பாதுகாப்பு என்ற பெயரில், சதுப்பு நிலத்தை ஒட்டிய பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அங்கேயும் தண்ணீர் நிற்கிறது. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்தினார்கள். படத்தை எல்லோரும் பார்த்தோம். சிரித்தோம், கொஞ்சம் புத்திசாலித்தனம் என்றும் சொன்னோம். அவர்கள் பயந்ததில் நியாயம் இருக்கிறது, கடன் வாங்கி வாங்கிய வண்டிகள் அவை. ஊரில் மேடான இடம் எது என்று கேட்டால் வண்டிக்குச் சொல்ல ஒரு பதில் இருந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

விண்டேஜ் எண் பெற்ற வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு எடுக்கக் கூடாது. கண்காட்சி, ஆராய்ச்சி, பழங்கார் பேரணி ஆகியவற்றுக்கு எடுக்கலாம். பெட்ரோல் போடப் போகலாம். பராமரிப்புக்குப் போகலாம். அதாவது மயிலாப்பூரிலிருந்து தி.நகர் சந்து வரை வந்து போக சட்டமே வழி விட்டிருக்கிறது. நான் பார்த்த ஹெரால்டு தீபாவளிக்கு முன் வேலை முடிந்து போய்விட்டது. ஷெட்டுக்காரர் உதிரி பாகம் வாங்கப் புதுப்பேட்டைக்குப் போய் வருகிற வண்டி 2007 மாடல் ஆம்னி. பதினைந்து முடிந்தது, புதுக் கட்டணம் வந்த அதே வருஷம். 'ஐயாயிரம் கட்டி எஃப்.சி. காட்டிட்டேன் சார். இன்னும் நாலஞ்சு வருஷம் வரும், எஞ்சின் நான் பிரிச்சுப் போட்டது' என்றார்.